லென்ஸ் கோகிலாவுக்கு, வெளிச்சம் எனக்கு

எங்கள் பயிர்ப் பாதுகாப்பு நிலையத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று போட்டோ பிரிவுப் பிள்ளைகள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பூச்சிகளைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம், என்ன ஃப்ளாஷ் வாங்கலாம், ரிட்டையர் ஆனவர் என்ற முறையில் சொல்லுங்கள் என்றார்கள். சொல்லலாம். ஆனால் அதில் ஒரு தகராறு இருக்கிறது. லென்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கோகிலாவைப் பற்றி எழுதாமல் முடியாது. கோகிலாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு வயிறு எரியும்.

இப்போது அந்தப் பிரிவுக்குத் தலைமையே அவள்தான். இந்தக் கட்டுரையைத் திருத்தி அச்சுக்கு அனுப்பப்போகிறவளும் அவள்தான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோகிலா, எனக்கு உன் மேல் பொறாமை. அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. இந்தப் பத்தியை வெட்டினால் மிச்சக் கட்டுரையைத் தர மாட்டேன்.

நான் சேந்தமங்கலத்துக்காரன். பேர் நல்லுசாமி. ஸ்டூடியோவில் வேலை பழகினேன். கல்யாணம், சீர், காதுகுத்து என்று சுற்றியதில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். நகையைப் படமெடுப்பது. கல்யாணப் பெண்ணின் கழுத்தில் ஃப்ளாஷை நேராக அடித்தால் நகை முழுக்க வெள்ளையாக வெடித்துவிடும், வேலைப்பாடு ஒன்றும் தெரியாது. வேட்டித் துணியை இரண்டாக மடித்து ஃப்ளாஷுக்கு முன்னால் பிடித்து, பக்கவாட்டில் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நிற்கும். அந்தக் கையோடுதான் பயிர்ப் பாதுகாப்பு நிலையத்தில் போட்டோகிராபராகச் சேர்ந்தேன். பெண்ணுக்குப் பதில் மாவுப்பூச்சி, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வேலை என்னவென்று வெளியே பலருக்குத் தெரியாது. மலையில் மரவள்ளியிலோ மிளகிலோ ஏதாவது பூச்சி வந்தால், அதைப் படமெடுத்து நோட்டீஸ் அடித்து ஊர் ஊராகக் கொடுப்போம். பூச்சியைப் பிடித்து ஊசியில் குத்தி வெள்ளைத்தாளில் வைத்து எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் அப்படித்தான் எடுத்தோம். மலைக்காரர்கள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க காட்டுப் பூச்சி இல்லீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். செத்த பூச்சிக்கு நிறமும் மாறிவிடும், உட்காரும் விதமும் போய்விடும். அன்றிலிருந்து உயிரோடு, அதன் செடியில், அது இருக்கிற மாதிரியே எடுக்க வேண்டும் என்பது சட்டமாகிவிட்டது.

சட்டம் போட்டவர் பூச்சியியல் அதிகாரி லலிதா மேடம். அவர் படம் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்கவே மாட்டார். கம்ப்யூட்டரில் போட்டு, கட்டம் கட்டமாக உடையும்வரை பெரிதாக்குவார். முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"கால் எத்தனை?"

ஐந்து தெரிந்தால் படம் போச்சு. "ஆறாவது எங்கே, ஊருக்குப் போயிருச்சா?" என்பார். குரலை உயர்த்த மாட்டார். திட்டவும் மாட்டார். அடுத்த ஜீப் எப்போது மலைக்குப் போகிறது என்று டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்பார். அதற்கு அர்த்தம், நீ மறுபடி போ என்பதுதான். நான் எத்தனையோ தடவை மறுபடி போயிருக்கிறேன். வருத்தமில்லை. மலைக்குப் போவதுதான் எனக்கு அந்த வேலையில் பிடித்ததே. அடிவாரம் காரவள்ளியில் ஜீப் வளைவு ஏற ஆரம்பித்ததும் எனக்குத் தலைசுற்றல் வந்துவிடும், ஆனாலும் மேலே போய் இறங்கியதும் நான் ராஜா. காமிராப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தோட்டத்துக்குத் தோட்டம், "போட்டோக்காரர் வாரார்" என்பார்கள்.

அப்போதுதான் கோகிலா வந்து சேர்ந்தாள். ராசிபுரம் பக்கம். சின்னப் பெண், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள். வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருப்பேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுக் கொய்யாக்காய் தின்பாள். மலைமேல் எடப்புளி நாட்டில் எனக்கு வருஷக்கணக்காகத் தெரிந்த வீடுகளில் அவளுக்கு முதல் காப்பி வந்தது. "வா கண்ணு, உக்காரு சாமி" என்பார்கள். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் போட்டோக்காரராகவே இருந்துவிட்டேன்.

பொறாமை என்றால் இப்படித்தான், ஒரு டம்ளர் காப்பியில் ஆரம்பிக்கும்.

ஒரு வருஷம் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். புது மேக்ரோ லென்ஸ் வாங்க அனுமதி வந்திருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் என்றார். யார் சொல்கிற லென்ஸ் வருகிறதோ அவர் மலை வேலையைப் பார்ப்பார், மற்றவர் ஆபீசில் உட்கார்ந்து பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அடுக்க வேண்டும். ஜன்னல் இல்லாத அந்த அறையை நினைத்ததுமே எனக்கு வியர்த்தது.

நான் கேட்டது அறுபது மில்லிமீட்டர். குட்டை லென்ஸ். லேசு, கூர்மை, அதன் பழைய மாடலில்தான் என் கை பழகியிருந்தது. கூடவே கனமான ஸ்டாண்டு, காமிராவை நூலளவு முன்னும் பின்னும் தள்ளுகிற ரெயில், காற்றில் செடி ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப். கிட்டத்தில் எடுக்கும்போது தெளிவாக விழுகிற ஆழம் ஒரு தாளின் கனம்தான். கண் தெளிந்தால் கால் மங்கும், கால் தெளிந்தால் கண் மங்கும். ஆகவே எல்லாவற்றையும் அசையாமல் நிறுத்து, பிறகு எடு. இதுதான் என் வழி.

கோகிலா கேட்டது நூற்றைம்பது. நீளம், கனம், விலையும் அதிகம். "ஏம்மா இத்தனை பெருசு?" என்று மேடம் கேட்டதற்கு, "பூச்சிக்கிட்ட போகாமயே எடுக்கலாமுங்க மேடம்" என்றாள். அறுபதில் பூச்சியை அதன் முழு அளவுக்கு எடுக்க வேண்டுமானால் லென்ஸ் மூக்குக்கும் பூச்சிக்கும் நாலு விரல்தான் இடைவெளி. நூற்றைம்பதில் ஒரு சாண் கிடைக்கும். அந்த ஒரு சாணுக்காக அத்தனை பாரத்தைத் தூக்குவார்களா என்று நான் கேட்டேன். மேடம் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்த வாரம் எடப்புளி நாட்டிலிருந்து மிளகு காய் உதிர்கிறது என்று தகவல் வந்திருந்தது.

"ரெண்டு பேரும் போங்க. அவங்கவங்க சாமானோட போங்க. எனக்குப் பொள்ளு வண்டு வேணும், உசுரோட, மிளகு மேல. பின்னங்காலோட தொடை தெரியணும். யாரு கொண்டாறீங்களோ அந்த லென்ஸ்" என்றார்.

பொள்ளு வண்டு எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. மஞ்சள் உடம்பு, கருநீல முதுகு, முதுகு கண்ணாடியாக மினுக்கும். அதன் புழு மிளகுக்குள் புகுந்து சதையைத் தின்றுவிடும், காயை நசுக்கினால் உள்ளே ஒன்றுமிருக்காது. இதே மாதிரி காய் கறுப்பது பூஞ்சணத்தாலும் வரும், அதற்கு மருந்து வேறு. வண்டைத் தெரியாமல் பூஞ்சண மருந்தை அடித்துக் காசையும் காயையும் இழந்தவர்கள் நிறையப் பேர். இந்த வண்டுக்கு அடையாளம் அந்தத் தடித்த தொடை. தொடை எதற்கு என்றால், தத்துவதற்கு. தெள்ளுப்பூச்சியைப் போலத் தத்தி மறைந்துவிடும். அதைத்தான் நான் யோசிக்கவில்லை.

கோகிலா சேலத்தில் பட்டாம்பூச்சி எடுக்கிற சிநேகிதியிடம் நூற்றைம்பதை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள். நான் ஸ்டூடியோக்காரரிடம் ரெயிலை இரவல் வாங்கினேன். ஜீப்பில் அவள் கொய்யாக்காய் நீட்டினாள், நான் வேண்டாமென்றேன்.

தோட்டக்காரர் வெள்ளையன் எனக்குப் பழக்கமானவர். மலையில் மிளகுக்கொடியைச் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிடுவார்கள், வளர வளர அது மரத்தோடு உச்சிக்குப் போய்விடும். காய் பறிக்க ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு குச்சி விட்ட ஏணியைச் சாய்த்து, மரத்தோடு சேர்த்துக் கட்டி ஏறுவார்கள்.

"கீழ இருந்த மிளகுச் சரமெல்லாம் எங்கூட்டுக்காரி உருவிப் போட்டுட்டாளுங்க. ஒண்ணு ரெண்டு கெடந்தாலுங் கெடக்கும், பாருங்க" என்றார் வெள்ளையன்.

கெடந்தது. நெஞ்சு உயரத்தில் ஒரு சரம், அதில் ஒரு வண்டு. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. ஸ்டாண்டைச் சரிவில் ஊன்றி, காலுக்குக் கல் முட்டுக் கொடுத்து, மட்டம் பார்த்து, மெதுவாகக் கிளிப்பை எடுத்துக் கொடியைப் பிடித்தேன். பிடித்த நொடி வண்டு இல்லை. கொடியைத் தொட்டாலே அதற்குத் தெரிந்துவிடுகிறது. இன்னொன்று தேடினேன். இந்தத் தடவை கிளிப் வேண்டாம் என்று விட்டால், காற்றில் சரம் ஆடுகிறது, ஸ்டாண்டில் காமிரா அசையாமல் நிற்கிறது, இரண்டும் எப்படிச் சேரும். ரெயிலைத் திருகி நாலு விரல் தூரத்துக்குப் போனபோது லென்ஸின் நிழல் அதன் மேல் விழுந்தது. அதுவும் போச்சு. காலை முழுக்க இதே கதை. கடைசியில் கீழே ஒரு வண்டுகூட மிச்சமில்லை.

கோகிலா அண்ணாந்து உச்சிச் சரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டையாவது போட்டிருக்கலாம்.

வெள்ளையன் ஏணியைக் கட்டினார். அவள் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, காமிராவைக் கழுத்தில் மாட்டி ஏறினாள். இடது கையை மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, லென்ஸின் பாரத்தை முன்னங்கையில் தாங்கி, அப்படியே நின்றாள். கீழிருந்து பார்க்கிறேன், காற்று அடிக்கிறது, மரம் அசைகிறது, மரத்தோடு ஏணி, ஏணியோடு அவள், கொடியும் அதே மரத்தில். எல்லாம் சேர்ந்து ஒன்றாக ஆடுகின்றன. அவளுக்கும் வண்டுக்கும் நடுவில் ஆட்டமே இல்லை. நான் ஸ்டாண்டை நட்டு நிறுத்தியது தரையில். ஆடுகிற பூச்சியை நிற்கிற காமிராவால் பிடிக்கப் பார்த்திருக்கிறேன். இது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. அவளுக்கும் அது யோசித்துத் தோன்றியதல்ல, ஏறியதால் அமைந்தது. அதுதான் இன்னும் ஆத்திரம்.

ஃப்ளாஷ் மின்னியது, திரும்பத் திரும்ப மின்னியது. இறங்கி வந்து திரையைக் காட்டினாள். "முதுகுல சுண்ணாம்பு பூசுன மாதிரி இருக்குதுங்கண்ணா. தொடை இருட்டுக்குள்ள போயிருச்சு."

பார்த்தேன். கூர்மை அபாரம், கால் ஆறும் இருக்கிறது. ஆனால் காமிரா மேலேயே இருந்த ஃப்ளாஷ் நேராக அடித்து முதுகை வெள்ளையாக வெடிக்க வைத்திருந்தது. கல்யாண நகை மாதிரியேதான். எனக்கு வயிறு குளிர்ந்தது. இரண்டு பேரும் வெறுங்கையோடு போனால் மேடம் சீனியாரிட்டி பார்ப்பார். லென்ஸ் எனக்கு, மலை எனக்கு. நான் சும்மா இருந்தாலே போதும்.

"நீங்க ஏறி வெளிச்சம் புடிச்சீங்கன்னா வந்துருமுங்கண்ணா" என்றாள் கோகிலா.

"எனக்கு முட்டி வலி அம்மிணி" என்றேன். அன்றைக்கு எனக்கு முட்டி வலியே கிடையாது.

அவள் கெஞ்சவில்லை. வெள்ளையன்தான் கெடுத்தார். எங்கள் பேச்சைக் காதில் வாங்காத மாதிரி போய், மரத்துக்கு மறுபக்கம் இன்னொரு மூங்கிலைச் சாய்த்து, கயிறு போட்டு இறுக்கி, அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "கட்டிட்டனுங்க. பயமில்லாம ஏறுங்க, உங்கள மாதிரி ரெண்டு ஆளத் தாங்கும்."

மலைக்காரர் கட்டிக் கொடுத்த ஏணியில் ஏறமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏறினேன். அவளும் தன் ஏணியில் ஏறி, ஃப்ளாஷைக் காமிராவிலிருந்து கழற்றி வயர் போட்டு என்னிடம் நீட்டினாள். காலி பால் பாக்கெட்டை வெட்டி அதன் மேல் மாட்டியிருந்தாள். போதாது என்று என் வேட்டி முனையையும் மடித்து முன்னால் விட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் மிளகுச் சரம், சரத்தில் வண்டு. அவளுக்கு அது கண்ணாடிக்குள் பெரிதாகத் தெரிகிறது, எனக்கு ஒரு புள்ளி. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

"கொஞ்சம் மேலயுங்கண்ணா" என்றாள்.

"நீ எடுக்கற வேலையப் பாரு. வெளிச்சத்த எங்கிட்ட உடு" என்றேன்.

உண்மையைச் சொன்னால், கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்திருக்கலாம். தொடை மறுபடி இருட்டுக்குள் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. மனசு அதைத்தான் சொன்னது. கை கேட்கவில்லை. மினுக்குகிற ஒன்றைக் கண்டால் பக்கவாட்டில் தாழ்த்திக் கொடுத்தே பழகிய கை அது, தானாகத் தாழ்ந்து வண்டின் வயிற்றுப் பக்கம் போய் நின்றது. நான் கெட்டவனாக இருக்கத் தயாராகத்தான் இருந்தேன். ஃப்ளாஷ் ஒரு தடவை மின்னியது, அவள் மூச்சை விட்டாள்.

மறுநாள் மேடம் அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். காலை எண்ணினார். தொடைக்குப் போனார், அதில் இருந்த மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. முகவாயிலிருந்து கையை எடுத்தார்.

"வெளிச்சம் யாரு?"

"அண்ணன் புடிச்சாருங்க மேடம்" என்றாள் கோகிலா. மறைக்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை, அந்த நல்ல குணத்தின் மேலும் எனக்குப் பொறாமை.

"சரி. கோகிலா சொன்ன லென்ஸ். நல்லுசாமி, நீங்க வெளிச்சத்துக்குக் கூடப் போங்க. பழைய படத்த அடுக்க வேற ஆள் பாத்துக்கறேன்."

அந்த இருட்டு அறையிலிருந்து தப்பித்தேன். மலை கிடைத்தது, காமிரா போனது. ரிட்டையர் ஆகிறவரை அவள் ஒரு ஏணியில், நான் மறு ஏணியில். பொள்ளு வண்டு நோட்டீஸ் வந்தபோது வெள்ளையன் கையில் வாங்கிப் பார்த்து, "இதேதானுங்க, எங்க காட்டுல இருக்கறது" என்றார். தோட்டத்தில் நின்றவர்கள் எல்லோரும் கோகிலாவைப் பார்த்தார்கள். நோட்டீஸின் கீழே "படம்: கோகிலா" என்றிருந்தது. வெளிச்சத்துக்கு அங்கே இடம் கிடையாது, எந்த நோட்டீஸிலும் கிடையாது. ஒவ்வொன்று வரும்போதும் நான் முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பேன், பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன்.

ஆகவே பிள்ளைகளே, நீங்கள் கேட்டதற்குப் பதில். தத்துகிற, பறக்கிற பூச்சியானால் நீள லென்ஸ் வாங்குங்கள். பூ, பாசி, மாவுப்பூச்சி மாதிரி ஓடாததற்குக் குட்டை லென்ஸே போதும், காசு மிச்சம். காமிராவின் முதுகு பூச்சியின் பக்கவாட்டுக்கு இணையாக இருக்கட்டும், அப்போதுதான் ஆறு காலும் ஒரே தெளிவில் வரும். ஸ்டாண்டு வாங்குவதற்கு முன் உங்கள் பூச்சி எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். மரத்தில் இருந்தால் நீங்களும் மரத்தில்தான் இருக்க வேண்டும். லென்ஸில் கோகிலா சொன்னதுதான் சரி. எழுதிவிட்டேன், திருப்திதானே?

போன மாதம் அவள் ஜீப்போடு வீட்டு வாசலுக்கு வந்து, "மலைக்குப் போறமுங்கண்ணா, வாரீங்களா?" என்றாள். வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வெள்ளையன் தோட்டம்தான். அவர் ஒரு மூங்கிலைக் கட்டினார். இன்னொன்றையும் எடுக்கப் போனபோது, "ஒண்ணு போதுமுங்க" என்றாள் கோகிலா. பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்தாள். எப்படி வளைத்தாலும் அப்படியே நிற்கிற கம்பி. ஒரு முனையைக் காமிராவின் அடியில் திருகி, மறுமுனையில் ஃப்ளாஷை மாட்டி, பக்கவாட்டில் தாழ்த்தி வளைத்துக்கொண்டு ஏறினாள். நான் கீழே வெள்ளையனோடு நின்றேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இறங்கி வந்து படத்தைக் காட்டினாள். குற்றம் கண்டுபிடிக்க எவ்வளவோ தேடினேன். முதுகு வெடிக்கவில்லை, தொடை இருந்தது, மயிரும் இருந்தது. "நல்லா வந்திருக்குது" என்றேன். வேறென்ன சொல்ல? இத்தனை வருஷம் கோகிலா மேல் எனக்கு வந்த பொறாமை அத்தனையும் அந்தக் கம்பி மேல் வந்ததில் பாதிக்குக் காணாது.

"இது இரவல் வாங்குனதுங்கண்ணா. ஆபீசுக்கு வாங்கோணும், தடிச்சதும் இருக்குது, மெல்லிசும் இருக்குது. வெளிச்சம் உங்க வேலை. நீங்க எதச் சொல்றீங்களோ அதையே வாங்கறேன்."

பையிலிருந்து மெல்லிய கம்பியையும் எடுத்துக் கொடுத்தாள், இரண்டையும் வளைத்துப் பார்த்தேன். ஃப்ளாஷை மாட்டி நிறுத்திவிட்டு, காப்பி குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தடிச்சத வாங்கு அம்மிணி. ரெண்டா வாங்கு. ஒண்ணு ரிட்டையர் ஆயிட்டா இன்னொண்ணு வேணுமில்ல."

சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். சிரிக்கவில்லை. ஏணிக் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டாள்.

பிள்ளைகளே, நீங்களும் தடித்த கம்பியையே வாங்குங்கள். மெல்லியது ஃப்ளாஷின் பாரம் தாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை சாய்ந்துவிடுகிறது. நான் ஒருநாளும் சாய்ந்ததில்லை.